நாட்குறிப்பும் பரணும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்றூர் வாழ்வை எழுதியவர்களும் காத்தவர்களும்



நினைவுச் சொற்பொழிவு என்ற பெயரில் கூடுகிறோம். மறைந்தவர்களை நினைக்கிறோம், அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறோம். அந்த நினைவு எந்தப் பொருளில் தங்குகிறது என்று இன்று யோசித்துப் பார்ப்போம். அரசரின் நினைவு கல்வெட்டில் தங்குகிறது. கோயிலின் நினைவு செப்பேட்டில் தங்குகிறது. வணிகரின் நினைவு பேரேட்டில் தங்குகிறது. நம் பாட்டன் பாட்டிகளின் நினைவு எதில் தங்கியிருக்கிறது?

நாம் கூடியிருக்கும் இந்தச் செக்காலையின் பெயரிலேயே செக்கு இருக்கிறது. செக்கு என்றால் அதைச் சுற்றி ஒரு பெரிய உழைப்புக் கூட்டம் இருந்திருக்கும். மாட்டை ஓட்டியவர், எள்ளைக் காயவைத்தவர், மரம் வெட்டிச் சுமந்தவர், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர் என்று எத்தனையோ பேர். ஊர்ப்பெயரில் கருவி நின்றுவிட்டது. அதை இயக்கிய கை நிற்கவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கையைத் தேடிப் போகும் பேச்சு. அதற்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் ஆவணம் நாட்குறிப்பு.

அரசு ஆவணம் வரியைச் சொல்லும், வழக்கைச் சொல்லும், பஞ்சத்தில் செத்தவர்களின் தொகையைச் சொல்லும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சந்தையில் அரிசி என்ன விலை விற்றது, அடுத்த தெருவில் யாருக்குக் காலரா கண்டது, யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதையெல்லாம் அரசு ஆவணம் சொல்லாது. நாட்குறிப்பு சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிற்றூர் வாழ்வை அறிய உலகெங்கும் வரலாற்றாசிரியர்கள் தனிமனிதர்களின் நாட்குறிப்புகளைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் அந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஒரு தலித்தின் நாட்குறிப்பு ஏன் நம் கையில் இல்லை? ‘எழுதப் படிக்க விடவில்லை, அதனால் இல்லை’ என்று உடனே பதில் வரும். அந்தப் பதில் உண்மை. ஆனால் அது பாதிப் பதில். எழுதத் தெரிந்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். எழுதியதை வைக்க இடம் இல்லை. நாட்குறிப்பு எழுதக் கை போதும். அது நூறாண்டு நிற்கப் பரண் வேண்டும். மழை ஒழுகாத கூரை, பூட்டிய பெட்டி, அதே வீட்டில் தொடர்ந்து மூன்று தலைமுறை குடியிருக்கும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்ததைத்தான் நாம் பரண் என்கிறோம். இந்த மூன்றையும் சாதி பங்கிட்டுக் கொடுத்தது. இந்தச் சொற்பொழிவில் நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றவை இதற்கான சான்றுகள்.

ஒரு சுவர் இடிந்த நாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவதற்கு முன் ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. தமிழில் நாட்குறிப்பு என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை அவர் எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த செல்வந்தர். அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல், காலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கையெழுத்து ஏடுகளைக் கண்டெடுத்தார். பிறகு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியாயின. 85 ஆண்டுகள் அந்த ஏடுகளைக் காப்பாற்றியது அவர் குடும்பத்தின் வீடும் செல்வாக்கும்தான். எழுத்தின் பெருமை வெளியே தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி இருக்கிறது. கிறித்தவக் கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறித்தவர்கள் திரண்டு தலைமைக் குருவிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்ற பொருளில் முறையிட்டார்கள். குரு சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை இதையெல்லாம் ஊர்ப் புதினமாகக் குறித்துவைத்தார்.

தீண்டாமைச் சுவருக்கு எதிராகத் தமிழ்நாட்டில் நடந்த போராட்டங்களின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த நாளை விட்டுவிட முடியாது. ஆனால் கவனியுங்கள்: நம் போராட்டம் நம்மைச் சாராத ஒருவரின் ஏட்டில் புகுந்ததால்தான் பிழைத்தது. முறையிடப் போனவர்களின் வீட்டில் அந்த நாள் எப்படிப் பேசப்பட்டது, முந்தின இரவு என்ன முடிவெடுத்தார்கள், மறுநாள் கூலி வேலைக்குப் போனபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. எழுதியவரின் கண்ணுக்கு அவர்கள் ஒரு கூட்டமாகத் தெரிந்தார்கள். அதனால் நமக்கும் கூட்டமாகவே கிடைத்திருக்கிறார்கள். பெரிய வீட்டு நாட்குறிப்பில் நாம் இருக்கும் விதத்துக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

கடல் கடந்த பரண்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் மிஷனரிகள் முக்கியமானவர்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் நாட்குறிப்பு எழுதினார். தென் திருவிதாங்கூரில் மயிலாடியில் தங்கிய ரிங்கல்தௌபே நாட்குறிப்பும் கடிதங்களும் எழுதினார். ஊழியம் செய்த இந்தியப் போதகர்களும் எந்த ஊருக்குப் போனோம், யாரோடு பேசினோம் என்று தினப்படி எழுதி மேலே அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையில் 1801 முதல் 1874 வரை வாழ்ந்த உபதேசியார் சவரிராய பிள்ளையின் குறிப்புகள் அவருடைய குடும்பத்தாரால் வம்ச வரலாறாக அச்சேறின. அண்மைக் காலத்தில் ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் அவற்றை மீண்டும் வாசகர்களிடம் கொண்டுவந்தார். வேளாளர் குடும்பத்தில் பிறந்த உபதேசியார் அவர். குடும்பம் இருந்தது, குடும்பத்துக்கு வீடு இருந்தது, வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை இருந்தது. ஏடு பிழைத்தது.

மயிலாடிக்கு வாருங்கள். அங்கே சபையைத் தொடங்கியவர் ரிங்கல்தௌபே என்று எழுதுவார்கள். அவரை அங்கே வரவழைத்தவர் மகாராசன் என்ற வேதமாணிக்கம். பறையர் குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் கிறித்தவராகித் திரும்பினார். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே கோயில் எழுந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போனபோது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுப் போனார். அடுத்த மிஷனரி மீட் 1818-இல் வரும்வரை ஒரு பறையர் அந்தச் சபைகளை நடத்தினார். அரசும் ஊரும் சேர்ந்து ஒடுக்கிய காலத்தில், அதே நிலப்பகுதியில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிவாங்கப் போகும் காலத்துக்குச் சற்று முன்பு, இது நடந்தது. வெள்ளைக்காரப் போதகரின் எழுத்து லண்டன் மிஷன் சங்கத்தின் கோப்புகளில் சேர்ந்தது. வேதமாணிக்கத்தின் வாழ்வை நாம் பெரும்பாலும் பிறர் எழுத்தின் வழியாகத்தான் அறிகிறோம்.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் சிவகங்கைப் பக்கமும் வந்தது. 1847-இல் அந்த மிஷன் தன் ஊழியர்களும் சபையாரும் சாதியை முழுமையாகக் கைவிட வேண்டும் என்றது. சேர்ந்து உண்பதே அதற்குச் சோதனை. பலர் சோற்றை விட்டார்கள், சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர் யார், எழுந்து போனவர் யார் என்ற செய்திகளை மிஷனரிகள் எழுதினார்கள்.

இந்த ஏடுகள் இன்று எங்கே இருக்கின்றன? சர்ச் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். லண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் லண்டனில். அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். மயிலாடிச் சேரியின் 1810-ஐ வாசிக்க லண்டனுக்கும், சிவகங்கைச் சேரியின் 1850-ஐ வாசிக்க அமெரிக்காவுக்கும் போக வேண்டியிருக்கிறது. நம் பரண் கடல் கடந்து இருக்கிறது. சாவியும் அங்கேதான் இருக்கிறது.

நாச்செஸ் ஊரின் முடிதிருத்துபவர்

ஒடுக்கப்பட்ட ஒருவர் தானே எழுதிய சிற்றூர் நாட்குறிப்பு உலகில் எங்காவது பிழைத்திருக்கிறதா என்று கேட்டால், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நாச்செஸ் என்ற ஊரைக் காட்டலாம். பருத்தியும் அடிமை வணிகமும் வளர்த்த ஊர் அது. 1809-இல் அங்கே அடிமையாகப் பிறந்தார் வில்லியம் ஜான்சன். 1820-இல் விடுதலை பெற்றார். முடிதிருத்தும் தொழிலைக் கற்றார், கடை வைத்தார், வெள்ளைக்காரர்களுக்கு முகம் மழித்தார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். குதிரைப் பந்தயம், தீ விபத்து, மஞ்சள் காய்ச்சல், ஆற்று வெள்ளம், யார் கடன் திருப்பவில்லை, யார் யாரைச் சுட்டான் என்று பதினாறு ஆண்டு ஊர்ச் செய்தி அதில் இருக்கிறது. முடிதிருத்தகத்தில் உட்கார்ந்தவர்கள் அவர் காதில் விழுகிறதே என்று நினைக்காமல் பேசியதெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊர்களில் முடிதிருத்துபவருக்கும் துணி வெளுப்பவருக்கும் பிணம் எரிப்பவருக்கும் தெரிந்த அளவு ஊரின் உள்விவகாரம் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது என்பது நாம் அறிந்ததுதான். ஜான்சன் அதை எழுதிவைத்தார்.

1851-இல் நில எல்லைத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பர்கள். தன்னை வெள்ளையர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு எதிராகக் கறுப்பரின் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லாது. குற்றவாளி தப்பினார். நீதிமன்றம் கேட்க மறுத்த குரலின் மறுபாதி அவருடைய நாட்குறிப்பில் இருந்தது. அவர் கட்டிய செங்கல் வீட்டில் குடும்பத்தார் தொடர்ந்து வாழ்ந்தார்கள். ஏடுகள் அவர்களிடமே இருந்தன. 1938-இல் அவை வெளியே வந்தன. 1951-இல், அவர் கொல்லப்பட்டுச் சரியாக நூறாவது ஆண்டில், அச்சாகின. ஒரு செங்கல் வீடு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் ஜான்சனை நாம் வீரராக மட்டும் வாசித்துவிடக் கூடாது. அடிமையாகப் பிறந்த அவரே பிறகு அடிமைகளை வைத்திருந்தார். குடிப்பழக்கத்துக்காக ஸ்டீவன் என்ற அடிமையை விற்றார். விற்ற பிறகு வருந்திக் கண் கலங்கியதையும் எழுதினார். எசமானின் கண்ணீர் ஏட்டில் இருக்கிறது. ஸ்டீவன் அழுதாரா, யாரை விட்டுப் பிரிந்தார், எங்கே செத்தார் என்பதற்கு ஏடு இல்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் பரண் உள்ளவர், பரண் இல்லாதவர் என்று படிநிலை உண்டு. நம் இயக்கங்களும் நம் வீடுகளும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. நம் வீட்டு ஆணின் மேடைப் பேச்சு நோட்டில் இருக்கும். அவரைப் பேச அனுப்பிவிட்டுக் களை எடுக்கப் போன பெண்ணின் நாள் எதிலும் இருக்காது.

பெண்ணின் நாள் ஏட்டில் ஏறினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மார்த்தா பல்லார்டு என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். 816 பிரசவங்களைப் பதிவு செய்தார். சில்லறைச் செய்திகள் என்று முந்தைய ஆய்வாளர்கள் ஒதுக்கிய அந்த ஏட்டை லாரல் உல்ரிச் என்ற பெண் ஆய்வாளர் வரி வரியாக வாசித்து, ஓர் ஊரின் முழு வாழ்வையும் எழுதினார். நம் ஊர்களிலும் எத்தனையோ சேரிப் பெண்கள் ஊரார் பிள்ளைகளைப் பிறப்பித்தார்கள். அவர்கள் கைபட்டுப் பிறந்தவர்களே வளர்ந்து அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்றார்கள். அந்தக் கைகளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

பெட்டி வைக்க விடாத ஊர்

இப்போது நம் பக்கம் திரும்புவோம். நமக்கு ஏன் பரண் இல்லை என்பதை இந்த நிலத்தின் வரலாறே சொல்கிறது.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி தன் நூலில் இவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். தங்கம் வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மலிவான விலைக்கு மிராசுதாரருக்கே கொடுத்துவிட வேண்டும்.

இந்தப் பட்டியலை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருப்போம். இன்று அதைப் பரணை மனத்தில் வைத்துக் கேளுங்கள். எழுத்துக்குத் தடை, எழுதுபவர் உருவாகவில்லை. உலோகப் பாத்திரத்துக்கே தடை. தகரப் பெட்டி எங்கிருந்து வரும்? நிலத்துக்குத் தடை, மூன்று தலைமுறை ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும்? இந்தத் தடைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மக்கள் கூட்டம் தன்னைப் பற்றிய எந்தச் சான்றையும் சேர்த்துவைக்க முடியாதபடி செய்யும் திட்டம் அதில் தெரிகிறது. இது நடந்தது இருபதாம் நூற்றாண்டில், மாவட்ட ஆட்சியும் நீதிமன்றமும் செய்தித்தாளும் வந்த பிறகு. அதற்கு முந்தைய நூற்றாண்டு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1843-இல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் பண்ணையாளுக்குக் குடிசையின் மேல் உரிமை வந்துவிடவில்லை. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி பக்கங்களிலிருந்து எண்ணற்றவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் நடந்தும் படகேறியும் போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தோட்டத்தில் அவர்களுடைய வாழ்வு ஒரு காகிதத்தில் தொங்கியது. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை வைத்து அடுத்த தோட்டத்துத் துரையிடம் பேரம் பேசினார். நம் முன்னோரைப் பற்றிய காகிதம் இருந்தது. அது அவர்கள் கையில் இல்லை.

காகிதம் நம் கைக்கு வந்த பிறகு அதைக் கொளுத்தினார்கள். 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து சூறையாடியபோது பிள்ளைகளின் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் அழிந்தன. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் பகுதியில் வீடுகளைக் கொளுத்தியபோதும் சான்றிதழ்கள் சாம்பலாயின. ஒரு கலவரக் கூட்டம் வீட்டுக்குள் நுழைந்து பள்ளிச் சான்றிதழைத் தேடி எரிக்கிறது என்றால், காகிதத்தின் மதிப்பு அதற்கு நன்றாகத் தெரிகிறது. நமக்கு அது இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

நம் நாட்குறிப்பு வேறு வடிவில்

இத்தனைக்கும் நடுவே நம் கையில் எழுத்து இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் கந்தப்பன். அவரிடம் இருந்த திருக்குறள், நாலடி ஓலைச் சுவடிகளை எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்பது பண்டிதரின் குறிப்பு. சமையல்கட்டில் நின்றவரின் வீட்டில் குறள் இருந்தது. ஓலையைப் பேணிய கைகள் நம்மிடம் இருந்தன.

தனி நாட்குறிப்பு கிடைக்காத இடத்தில் கூட்டு ஏடுகளைத் தேட வேண்டும். 1893 டிசம்பரில் இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று ஒரு விண்ணப்பம் தயாரித்தார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரத்தில் அமர்வார்கள் என்ற எதிர்ப்பு விண்ணப்பம் அது. 112 அடி நீளம். 3,412 கையொப்பங்கள். இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. கையெழுத்துப் போட வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அன்று வேலைக்குப் போகாமல் வந்தவர் இருப்பார். ஒளிந்து வந்தவர் இருப்பார். முதன்முறையாகத் தன் பெயரைத் தானே எழுதியவர் இருப்பார். 3,412 பேர் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பாக அதை வாசிக்கலாம்.

அதே சீனிவாசன் 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ எழுதினார். தன் பள்ளிப் பருவத்தை அதில் சொல்கிறார். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் படித்த ஏறக்குறைய நானூறு மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் யாரோடும் பேசாமல், மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்புக்குள் போவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்ததை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நினைவிலிருந்து எழுதினார். சாதியை மறைத்தாக வேண்டிய மாணவர் தன் அச்சத்தை அன்றன்று நோட்டில் எழுதிவைக்க முடியுமா? அந்த நோட்டு யார் கண்ணில் பட்டாலும் ஆபத்து. மாணவ நண்பர்கள் இந்த இடத்தைக் கூர்ந்து யோசிக்க வேண்டும். நம்மவர்கள் எழுதாமல் விட்டதற்கு அறியாமை காரணமாக இருக்கலாம். தற்காப்பும் காரணமாக இருந்திருக்கிறது.

செட்டிநாட்டுப் பரண்களை வாசிப்பது

நாம் இருக்கும் ஊரைச் சுற்றித் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பரண்கள் இருக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் நகரத்தார் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காகிதம் சேர்ந்தது. பேரேடு, ஐந்தொகை, மொய்ப்பண ஏடு, இசைகுடிமானம், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதங்கள் என்று எத்தனையோ வகை. பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர், பழைய காகிதம் என்று மற்றவர்கள் கழித்ததையெல்லாம் தேடிச் சேர்த்தார். புத்தகங்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், துண்டறிக்கை எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு 1994-இல் சென்னையில் நூலகமாயிற்று. தமிழ் ஆய்வுலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஒரு மனிதர் முயன்றால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து ஊரே காட்டியிருக்கிறது.

இன்று பல பெரிய வீடுகள் பாகம் பிரிந்து இடிபடுகின்றன. கதவும் தூணும் எனாமல் தூக்குவாளியும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. காகிதம் எடைக்குப் போகிறது. அந்தக் காகிதம் நமக்கு என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். அந்த வீடுகளின் சுண்ணாம்பை அரைத்தது யார், தேக்கு மரத்தை வண்டியிலிருந்து இறக்கியது யார் என்று கேளுங்கள், உறவு தெரியும். பெரிய வீட்டுக் கணக்கு ஏட்டிலும் நாட்குறிப்பிலும் நாம் இருக்கிறோம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

முதலில் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். தமிழ் ஆவணத்தில் சாதி ஈற்றெழுத்தில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ வரும். ஒருவர் பெயர் ‘ஆர்’ என்று முடியும். நம் பாட்டன் பெயர் ‘ன்’ என்று முடியும், அப்பன் பெயர்கூட இருக்காது. ‘ன்’ என்று முடியும் பெயர்களைத் தனியே எழுதி எடுத்தாலே ஒரு சேரியின் குடிக்கணக்கு கிடைக்கத் தொடங்கும்.

இரண்டாவதாக, கூலி வரியையும் அரிசி வரியையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டும் ஒரே ஏட்டில் இருக்கும். ஒரு நாள் கூலிக்கு அந்த மாதம் எத்தனை படி அரிசி வந்தது என்று கணக்கிடுங்கள். ஆண்டுதோறும் அது ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். பஞ்ச காலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒரு குடும்பம் எத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கும் என்பது எசமானின் கணக்கிலேயே தெரிந்துவிடும். அவர் அதை எழுத நினைக்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டார்.

மூன்றாவதாக, எரிச்சல் தெரியும் வரிகளைத் தேடுங்கள். ஆள் வரவில்லை, பறையடிக்க மறுத்தார்கள், செத்த மாட்டைத் தூக்க வரவில்லை, கூலி கூடக் கேட்டார்கள் என்பது போன்ற வரி எங்கே வந்தாலும் நின்று வாசியுங்கள். எசமானின் ஏட்டில் திமிர் என்று எழுதப்பட்டது நம் வரலாற்றில் போராட்டம் என்று எழுதப்பட வேண்டும். 1745-இல் சுவர் இடிந்த செய்தியும் அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

கடைசியாக, எழுதாமல் விட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலரா வந்த மாதத்தில் தெரு முழுவதும் யார் யார் இறந்தார்கள் என்று எழுதியவர் சேரியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்றால், அந்த வெற்றிடமே ஒரு செய்தி.

நாம் கட்ட வேண்டிய பரண்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? வரலாறு படிக்கும் ஆசை மட்டும் காரணமில்லை. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பின்விளைவாக 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. அந்த நிலங்களின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் உயிர் இழந்தார்கள். நிலத்தை மீட்கப் போகும்போது அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, காகிதம் இருக்கிறதா என்பதுதான். தாத்தாவின் பெயர் இருந்த ஒரு ரசீது கறையான் அரித்துப் போனால், அதோடு ஓர் ஏக்கரும் போகலாம்.

ஆகவே தோழர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. அவரவர் ஊருக்குப் போய் மூத்தவர்களிடம் உட்காருங்கள். வீட்டில் இருக்கும் காகிதத்தைக் கேளுங்கள். மொய் நோட்டு, தீர்வை ரசீது, ஞானஸ்நானச் சீட்டு, கண்டியிலிருந்து வந்த கடிதம், பழைய குடும்ப அட்டை, சங்கத்தின் தீர்மான நோட்டு, சாவுக்குச் செலவு எழுதிய துண்டுத்தாள் என எது இருந்தாலும் அது ஆவணம். அதைப் பறித்துக்கொண்டு வராதீர்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். எந்த ஊர், யார் வீடு, யார் சொன்னது, என்ன தேதி என்று கூடவே எழுதுங்கள். மூலத்தை அந்த வீட்டிலேயே பத்திரமாக வைக்க உதவுங்கள். காகிதம் இல்லாத வீட்டில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எத்தனை பிள்ளைகளைக் கைதாங்கினார், எந்த வயலில் என்ன கூலி வாங்கினார், எந்த ஆண்டு யார் எதிர்த்துப் பேசினார்கள் என்று கேளுங்கள்.

எடுத்த படங்கள் ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருக்கக் கூடாது. எரிந்த சான்றிதழ்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. மூன்று ஊர்களில் மூன்று படிகள் இருக்கட்டும். இலக்கிய மன்றங்கள் கவிதை நூல் வெளியிடுவதைப் போலவே இதையும் தம் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். பர்மிங்காமிலும் ஹார்வர்டிலும் இருக்கும் ஏடுகளின் படிகள் நம் ஊருக்கு வர வேண்டும் என்று பல்கலைக்கழகங்களிடம் கேட்போம். ஆய்வு மாணவர்கள் அந்த ஏடுகளை வாசிக்கும்போது மிஷனரியின் புகழ் பாடுவதோடு நிற்காமல், பந்தியில் உட்கார்ந்தவரின் பெயரைத் தேடி எடுங்கள்.

மாணவ நண்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. தேதி போடுங்கள். அன்று அம்மாவுக்குக் கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை, பேருந்தில் யார் என்ன கேட்டார், விடுதியில் சோறு எப்படி இருந்தது, வகுப்பில் யார் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்று நான்கு வரி போதும். இரட்டைமலை சீனிவாசன் வகுப்புக்கு வெளியே காத்திருந்த நாட்களை அன்றன்று எழுதிவைக்க அவருக்கு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. நூறாண்டு கழித்து இந்த ஊரின் வாழ்வை எழுத வருபவர் பெரிய வீட்டுப் பரணில் நம்மைத் தேடி, ‘ன்’ என்று முடியும் பெயர்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது. அவர் நம் வீட்டுக்கு வரட்டும். நம் பெட்டியைத் திறந்து, நம் கையெழுத்தில் வாசிக்கட்டும்.